கூட்டாகப் போட்ட கையெழுத்து

கலிபோர்னியாவில் மாவட்டம் போன்ற உள்ளாட்சிகளான 58 கவுன்டிகளில் மக்கள் கணக்கில் பெரியது லாஸ் ஏஞ்சலஸ். மக்கள்தொகை ஏறக்குறைய ஒரு கோடி. சிறியது சியரா நெவாடா மலைமேல் இருக்கும் ஆல்பைன். மக்கள் 1,200 சொச்சம். ஒன்று ஒரு நாட்டுக்குச் சமம், மற்றது நம் கணக்கில் ஒரு சிற்றூர். ஆனால் கடுமையான மனநோய் கண்ட ஏழைக்கு வைத்தியம் பார்க்கும் கடமை இரண்டுக்கும் ஒன்றேதான். 1957-இல் வந்த ஷார்ட்-டாயில் சட்டம், மாநிலப் பெருமருத்துவமனைகளில் அடைபட்டுக் கிடந்த மனநல வைத்தியத்தை ஊருக்குள் கொண்டுவரப் பணம் ஒதுக்கியது. 1991-இல் நிதியையும் பொறுப்பையும் சேர்த்தே கவுன்டிகளிடம் மாநிலம் ஒப்படைத்தது. போதை மீட்பும் பின்னர் அதே சுமையில் சேர்ந்தது. மனநல மருத்துவர் ஒருவரைக்கூட முழுநேரமாக அமர்த்த வழியில்லாத இடத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்பதுதான் சிக்கல்.

இதிலிருந்து தப்ப உள்ளாட்சிகள் பிடித்த வழி கூட்டு ஒப்பந்தம். கலிபோர்னிய அரசுச் சட்டத் தொகுப்பின் 6500-ஆம் பிரிவில் தொடங்கும் விதிகள் இதற்கு இடம் தருகின்றன. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பொது அமைப்புகளுக்குப் பொதுவாக இருக்கும் ஓர் அதிகாரத்தை அவை சேர்ந்து செலுத்தலாம். விரும்பினால் தனியாக ஓர் ஆணையத்தையே உருவாக்கலாம். அந்த ஆணையம் வழக்குப் போடலாம், கடன் வாங்கலாம், ஆள் வைக்கலாம். அதன் கடன் உறுப்பினர்களின் கடன் ஆகாது என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளவும் 6508.1-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. இன்னொரு ஷரத்தை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. ஆணையம் தன் அதிகாரத்தைச் செலுத்தும்போது உறுப்பினர்களில் ஏதாவது ஒருவருக்கு உள்ள கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டால் போதும். அந்த ஒருவர் யார் என்பதை ஒப்பந்தமே சொல்லும். டெண்டர் விதிகள் கறாராக உள்ள ஒரு பெரிய கவுன்டியும் தளர்வாக உள்ள ஒரு சின்ன கவுன்டியும் சேர்ந்தால், எந்த விதிப்புத்தகத்தைக் கையில் எடுப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

இந்த ஏற்பாட்டை ஆதரிப்பவர்கள் சிக்கனம் என்ற ஒரே சொல்லால் அதை நியாயப்படுத்துகிறார்கள். எதிர்ப்பவர்கள் மறைவான இன்னொரு அரசு என்கிறார்கள். இரண்டு பேச்சுமே எல்லா ஒப்பந்தங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகின்றன. பிரித்துப் பார்த்தால்தான் எது தேறும், எது தேறாது என்பது தெரியும்.

ஃபெதர் ஆற்றின் மேற்குக் கரையில் யூபா சிட்டி, கிழக்குக் கரையில் மேரிஸ்வில். நடுவில் பாலம். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: யூபா சிட்டி இருப்பது சட்டர் கவுன்டியில், யூபா கவுன்டியின் தலைநகரம் மேரிஸ்வில். பல பத்தாண்டுகள் இந்த இரண்டு கவுன்டிகளும் ஒரே மனநலத் துறையாக இயங்கிவந்தன. நடத்துவது சட்டர், ஊழியர்கள் சட்டரின் ஊழியர்கள், யூபா தன் பங்கைக் கட்டுகிறது. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேய்ட்டின் பணத்தில் இயங்கும் கவுன்டி மனநலத் திட்டங்கள் மாநிலத்தில் 58 இல்லாமல் 56 என்று எண்ணப்பட்டதற்கு இந்த ஜோடியும் பிளேசர்-சியரா ஜோடியும்தான் காரணம்.

கூட்டு ஒப்பந்தத்தின் மிக வலுவான நியாயத்தை நான் இங்கேதான் காண்கிறேன். மனநலத்துக்கென்றே இயங்கும் உள்நோயாளி நிலையத்தில் 16 படுக்கைகளுக்கு மேல் போனால், 21 முதல் 64 வயதுவரை உள்ளவர்களுக்குப் பொதுவாக மெடிகேய்ட் பணம் கிடையாது. ஆகவே கவுன்டிகள் கட்டும் நிலையங்கள் பெரும்பாலும் 16 படுக்கையோடு நின்றுவிடும். படுக்கை பதினாறே என்றாலும் இரவு பகலாகச் செவிலியர் வேண்டும், மருத்துவர் வேண்டும், காவல் வேண்டும். படுக்கை காலியாக இருந்தாலும் சம்பளம் நிற்காது. சில ஆயிரம் பேர் மட்டும் வாழும் சியரா கவுன்டி தனியாக இப்படி ஒன்றை நடத்துவது நடக்காத காரியம். அதற்கு முன் இருக்கும் தேர்வு ஒப்பந்தமா தனி நிர்வாகமா என்பதல்ல. ஒப்பந்தமா, மனம் பேதலித்த நோயாளியை ஷெரீப்பின் காரில் ஏற்றி மலை இறக்கி எங்கோ கொண்டுபோவதா என்பதே.

இந்த முறையில் ஒரு குறையும் உண்டு. மேரிஸ்வில்காரருக்குச் சிகிச்சையில் மனக்குறை வந்தால், முடிவெடுக்கும் சட்டர் மேற்பார்வையாளர் குழு (கவுன்டியின் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சிக் குழு) அவர் வாக்குப் போடாத குழு. ஆலோசனைக் குழுவில் இரு கரையினரும் உட்காரலாம்; சம்பளமும் பதவியும் தீர்மானிப்பது ஒரு கரை. இருந்தாலும் இந்தக் குறை கண்ணுக்குத் தெரிகிற குறை. பொறுப்பு யாருடையது என்று கேட்டால் விரலை நீட்டிக் காட்ட ஒரு கட்டடம் இருக்கிறது. என் தராசில் அது பெரிய விஷயம்.

அடுத்தது டிரை-சிட்டி. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியின் கிழக்கு ஓரத்தில் உள்ள பொமோனா, கிளேர்மாண்ட், லா வெர்ன் என்ற மூன்று நகரங்கள் 1960-இல் சேர்ந்து அமைத்த மனநல ஆணையம் இது. பொமோனா சுமார் ஒன்றரை லட்சம் பேர் வாழும் உழைப்பாளிகளின் ஊர். கிளேர்மாண்ட் கல்லூரிகள் சூழ்ந்த வசதியான சிற்றூர். வருமானத்திலும் தேவையிலும் வேறுபட்ட ஊர்கள் ஒரே சிகிச்சை மையத்துக்காகக் கைகோத்தது, அந்தக் காலத்துக்கு மட்டுமல்ல, இன்றைக்கும் பாராட்டத்தக்கது. கவுன்டிக்குப் பதில் நகரங்களே மனநலப் பணியை நடத்துவது அந்த மாநிலத்தில் இங்கும் பெர்க்லியிலும்தான்.

2004-இல் டிரை-சிட்டி திவால் மனு போட்டது. அமெரிக்கத் திவால் சட்டத்தில் உள்ளாட்சிகளுக்கென்று உள்ள ஒன்பதாம் அத்தியாயத்தின் கீழ். கையெழுத்துப் போட்ட மூன்று நகரங்களும் திவாலாகவில்லை, ஆணையம் மட்டுமே திவாலானது. 6508.1-ஆம் பிரிவு இருப்பதே இதற்காகத்தான். சேவைப் பொறுப்பின் பெரும்பகுதி லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியின் தலையில் வந்து விழுந்தது. பங்காளிகள் சேர்ந்து வெட்டிய கிணற்றில் தண்ணீர் இருக்கும்வரை முறை வைத்து இறைத்துக்கொள்வார்கள். தூர்ந்தால் தூர்வாரும் செலவு யாருடையது என்ற வழக்கு நம் ஊரில் எத்தனை தலைமுறை ஓடியிருக்கிறது! இங்கே வழக்குக்குக்கூட வேலையில்லை. செலவு எங்களுடையது அல்ல என்று வெட்டும்போதே எழுதி வைத்துவிட்டார்கள்.

அதே 2004 நவம்பரில் வாக்காளர்கள் 63-ஆம் முன்மொழிவை நிறைவேற்றினார்கள். பத்து லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்கள் அந்த மிகுதியில் ஒரு சதவீதம் மனநலத்துக்கு வரி கட்ட வேண்டும். அந்தப் பணத்தைப் பெற்ற உள்ளூர் அமைப்புகள் 59: சட்டரும் யூபாவும் ஒன்றாகச் சேர்ந்து ஒன்று, டிரை-சிட்டி ஒன்று, பெர்க்லி ஒன்று, மீதிக் கவுன்டிகள் 56. டிரை-சிட்டி எழுந்து நின்றது இந்தப் பணத்தைப் பிடித்துக்கொண்டுதான். அதைக் கூட்டு ஒப்பந்தத்தின் வெற்றியாகச் சிலர் சொல்வதை ஏற்க முடியவில்லை. விழுந்தபோது பிடித்தது பின்னால் நின்ற பெரிய கவுன்டி. எழுப்பியது பணக்காரர்மீது போட்ட வரி. ஒப்பந்தம் செய்தது, நகரங்களின் கஜானாவைக் காத்தது மட்டும்.

கடன் பொறுப்பு உண்டென்றால் எந்த நகரமும் சேராது, கிளேர்மாண்ட் பொமோனாவோடு கைகோத்தே இருக்காது என்பது எதிர்வாதம். வலுவான வாதம்தான். ஆனால் அதன் ஒரு பகுதியைச் சட்டமே பின்னர் தள்ளிவிட்டது. டிரை-சிட்டிக்கு அருகிலேயே அசூசா, கோவினா, கிளெண்டோரா, வெஸ்ட் கோவினா ஆகிய நான்கு நகரங்கள் வேலைப் பயிற்சிக்காக ஒரு கூட்டமைப்பை நடத்தி மூடின. ஓய்வூதிய நிதிக்குக் கட்ட வேண்டிய பாக்கியை அந்த நான்கும் ஏற்கவில்லை. 2017-இல் முன்னாள் ஊழியர்கள் பலரின் ஓய்வூதியம் 63 சதவீதம்வரை வெட்டப்பட்டது. அடுத்த ஆண்டே சட்டமன்றம் விழித்துக்கொண்டது: மாநில ஓய்வூதிய நிதியில் சேரும் கூட்டு ஆணையங்களின் ஓய்வூதியக் கடனை உறுப்பினர்கள் பங்கிட்டு ஏற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்காகக் கூட்டு ஒப்பந்தங்கள் அந்த மாநிலத்தில் மறைந்துவிடவில்லை. ஊழியருக்குத் தர முடிந்த காப்பை நோயாளிக்கும் தரலாம். ஆணையம் கவிழ்ந்தால் நடப்பு நோயாளிகளை இத்தனை மாதம் இன்னார் பார்க்க வேண்டும் என்று ஒரு ஷரத்து, அதற்கான இருப்பு நிதி, இவ்வளவே தேவை.

மூன்றாவது வகை பெரிது. 2009-இல் கவுன்டிகள் சேர்ந்து மாநில அளவில் அமைத்த கலிபோர்னியா மனநலச் சேவை ஆணையம், சுருக்கமாகக் கால்மெஸ்ஸா. தற்கொலைத் தடுப்புப் பிரசாரம், மாநில மருத்துவமனைப் படுக்கைகளுக்குக் கூட்டாகப் பேரம், கவுன்டிகளுக்கு இடையிலான பணப் பட்டுவாடா என்று அதன் கை நீண்டது. இதில் பட்டுவாடா விஷயம் கொஞ்சம் நின்று பார்க்கத்தக்கது. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட ஒரு சிறுமியை லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றம் வேறு கவுன்டியில் உள்ள வளர்ப்பு வீட்டுக்கு அனுப்புகிறது என்று வையுங்கள். அவளுடைய மனநலச் சிகிச்சைக்கு யார் பணம் கொடுப்பது? பழைய ஊர் அனுமதி தரட்டும் என்று புதிய ஊர் காத்திருக்கும். பழைய ஊரின் கோப்பு மேசை மேசையாக நகரும். குழந்தை நடுவில் நிற்கும். 2016-இல் வந்த சட்டம், குழந்தை போன இடத்துக்கே பொறுப்பும் போகும், பழைய கவுன்டி பிறகு பணத்தை ஈடுகட்டட்டும் என்றது. கவுன்டிகள் ஒன்றுக்கொன்று தனித்தனியே ஒப்பந்தம் போடுவதென்றால் அது ஆயிரத்தைத் தாண்டிப் போகும். நடுவில் ஒரு கூட்டு ஆணையம் கணக்கை நேர்செய்தால் ஒன்றே போதும். இதைவிட நல்ல பயன்பாடு கூட்டு அதிகாரத்துக்கு இருக்குமா என்று சந்தேகமாக இருக்கிறது.

மென்பொருளும் அப்படியே. 2023 ஜூலை 1 அன்று கால்மெஸ்ஸா வழியாக இருபதுக்கும் மேற்பட்ட கவுன்டிகள் ஒரே மின்னணு மருத்துவப் பதிவேட்டுக்கு மாறின. அதே நாளில் மாநிலம் பணம் தரும் முறையையும் மாற்றியது: செலவானதைக் கணக்குக் காட்டி வாங்கும் முறை போய், செய்த சேவைக்கு விலை என்ற முறை வந்தது. புதிய திரை, புதிய குறியீடு, இரண்டும் ஒரே காலையில். சிகிச்சையாளர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒவ்வொரு சின்ன கவுன்டியும் தனித்தனியாக அந்த மாற்றத்துக்குக் காசு கொட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இதே ஆணையத்தின் வழியாக நடந்த 'ஹெல்ப் அட் ஹேண்ட்' வேறு கதை. மனநலத்துக்குக் கைப்பேசிச் செயலிகள் உதவுமா என்று பார்க்கக் கவுன்டிகளும் இரண்டு நகர அமைப்புகளும் 63-ஆம் முன்மொழிவின் புதுமை நிதியிலிருந்து ஏறக்குறைய 10 கோடி டாலரை ஒதுக்கின. தொடக்கத்தில் முன்னிறுத்தப்பட்ட இரண்டு செயலிகளும் திட்டத்தின் நடுவிலேயே பின்னுக்குப் போயின. அவற்றில் ஒன்றான மைண்ட்ஸ்ட்ராங் 2023-இல் கடையையே மூடியது. சோதனை தோற்பது குற்றமில்லை. புதுமை நிதி இருப்பதே தோற்றுப் பார்க்கத்தான். என் குறை வேறு. எந்த நோய்க்கு, எந்த நோயாளிக்கு என்று வரையறுக்காமல், பலர் சேர்ந்து பணம் போடுவதையே ஒரு சாதனையாக எடுத்துக்கொண்டார்கள். தனியாக ஒரு கவுன்டி இதைச் செய்திருந்தால் அதன் மேற்பார்வையாளர் குழு ஒவ்வொரு ஆண்டும் கேள்வி கேட்டிருக்கும். பலர் சேர்ந்ததால் ஒவ்வொருவரின் பங்கும் சிறிதாகத் தெரிந்தது, கேள்வியும் சிறிதாயிற்று.

தனியாக நடத்தும் கவுன்டிகள் மட்டும் கணக்கில் சுத்தமா என்று திருப்பிக் கேட்கலாம். இல்லைதான். 2018-இல் வந்த மாநிலத் தணிக்கை அறிக்கை, மாநிலத்துக்குத் திரும்பியிருக்க வேண்டிய 23.1 கோடி டாலரை உள்ளூர் அமைப்புகள் செலவழிக்காமல் வைத்திருந்ததைக் காட்டியது. அதை வாங்கிக்கொள்ள மாநிலத் துறையிடம் ஒழுங்கான முறைகூட இல்லை. ஆகவே கூட்டு என்றால் ஒழுங்கீனம் என்ற வாதம் செல்லாது.

என் தீர்ப்பு இதுதான். கணக்கு, மென்பொருள், படுக்கை கொள்முதல், கவுன்டிகளுக்கு இடையிலான பணம் போன்ற நோயாளியின் முகம் பார்க்க வேண்டாத வேலைகளுக்குக் கூட்டு ஆணையம் சரியான கருவி, இன்னும் விரிக்கலாம். நோயாளியை நேரில் பார்க்கும் வேலைக்குப் புதிய ஆணையம் வேண்டாம். சட்டர்போல ஒரு கவுன்டி நடத்த, மற்றது காசு கட்டி, முடிவெடுக்கும் குழுவில் வாக்கும் பெறுவது மேல். புதிய ஆணையம்தான் வேண்டுமென்றால், கடன் எங்களுடையதல்ல என்ற ஷரத்துக்குப் பக்கத்திலேயே கவிழ்ந்தால் நோயாளியை ஏற்பது யார் என்ற ஷரத்தும் இருக்க வேண்டும். இல்லாத ஒப்பந்தத்தை மாநிலம் பதிவே செய்யக் கூடாது. சோதனைத் திட்டங்களுக்குக் கூட்டுப் பணம் சேர்ப்பதை இப்போதைய வடிவில் நான் நிராகரிக்கிறேன்.

2024 மார்ச்சில் வாக்காளர்கள் ஏற்ற முதலாம் முன்மொழிவு அந்தக் கோடீஸ்வர வரிப் பணத்தை மறுபடி பங்கு போட்டுவிட்டது: உள்ளூர் நிதியில் 30 சதவீதம் வீட்டுவசதிக்கு, 35 சதவீதம் தீவிர முழுச் சேவைக்கு. 2026 ஜூலையிலிருந்து புதிய திட்டங்கள் நடைமுறை. வீடு கட்டிப் பழக்கமில்லாத சின்ன கவுன்டிகள் மறுபடியும் அண்டை வீட்டுக் கதவைத் தட்டப்போகின்றன. வீட்டில் குடியேறிய நோயாளி அங்கேயே பல்லாண்டு இருப்பார். ஒப்பந்தத்திலிருந்து விலக ஓர் உறுப்பினர் அறிவிப்பு மட்டும் கொடுத்தால் பெரும்பாலும் போதும். அந்த இடைவெளிக்கு வாடகை கட்டப்போவது யார் என்பதைக் கையெழுத்துக்கு முன் எழுதச் சொல்லி மேற்பார்வையாளர் குழுக் கூட்டங்களில் கேட்க, பொதுமக்களுக்குச் சட்டப்படி சில நிமிடங்கள் உண்டு.