வறுமைக்கு நிரையில்லாத அட்டவணை

'அறளை பெயர்தல்' என்று நம்மவர் வயதின்மேற் சுமத்திவிடும் மறதிநோய், முதுமையின் தவிர்க்கவொண்ணா விளைவன்று. லண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செற்' வைத்திய சஞ்சிகையின் ஆணைக்குழு, 2024இல் வெளியிட்ட அறிக்கையில், மாற்றத்தக்க 14 காரணிகளை அகற்றின் உலகின் மறதிநோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தாமதிக்கவோ இயலுமெனக் கணிக்கின்றது.

வரவேற்கத்தக்க அறிக்கையே, சமூக ஏற்றத்தாழ்வை அது பேசாமலுமில்லை. ஆயினும் அதன் அட்டவணையில் வறுமைக்கென ஒரு நிரை இல்லை. இளமைக் கல்விக் குறைவுக்கு 5, செவிப்புலன் இழப்புக்கு 7, காற்று மாசுக்கு 3 எனச் சதவீதங்கள் பங்கிடப்படுகின்றன. வாழ்க்கையோ இவ்வாறு பங்கிடப்படுவதில்லை. பன்னிரண்டு வயதிற் பள்ளியை விட்ட சிறுவனே இரைச்சல்மிக்க ஆலைக்குச் செல்கின்றான்; அவனே புகைபடிந்த தெருவோரத்திற் குடியிருக்கின்றான்; இரத்த அழுத்தத்தைப் பார்ப்பிக்கச் செல்வதாயின் அவனுக்கு அன்றைய கூலி இல்லை. இவை நான்கு காரணிகளல்ல, ஒரே மனிதனின் ஒரே வரலாறு.

'மாற்றத்தக்க' என்னுஞ் சொல்லும் நம்மை உறுத்துகின்றது. மாற்றுபவர் யார்? வசதியுள்ள வாசகர் தம் உணவையும் நடையையும் திருத்திக்கொள்ளலாம். கல்வி மூளைக்குத் தாங்குவலிமை அளிக்கின்றதென அறிக்கையே ஒப்புகின்றது. பன்னிரண்டு வயதில் இழந்த வகுப்பறையை அறுபதில் அத்தொழிலாளி எங்கே சென்று மாற்றுவான்?