அழுக்கு பெற்ற அரக்கன்

அரக்கன் என்றதும் நம் நாட்டார் நெஞ்சில் எழும் உருவம் எது? பத்துத் தலை படைத்தவன். பூமியைப் பாயாய்ச் சுருட்டியவன். ஆறு திங்கள் உறங்கியவன். அவன் எப்படி வந்தான்? வரத்தால் வந்தான். எப்படி ஒழிந்தான்? அவதாரத்தால் ஒழிந்தான். வந்ததற்கும் மனிதன் பொறுப்பல்லன். ஒழிந்ததற்கும் மனிதன் காரணமல்லன். கதை கேட்டவன் செய்ய வேண்டியது ஒன்றே: கன்னத்தில் போட்டுக்கொண்டு வீடு திரும்புவது!

ஜப்பானியத் திரையுலகம் 1954 நவம்பரில் பெற்றெடுத்த காட்ஸில்லா வேறு குலம். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த நீரகக் குண்டின் சாம்பல், மீன் பிடிக்கச் சென்ற ஜப்பானியப் படகொன்றின் மீது பொழிந்தது. 23 மீனவர் நோயுற்றனர். ஒருவர் செப்டம்பரில் மாண்டார். அத்துயர் ஆறுமுன் இயக்குநர் இஷிரோ ஹோண்டா திரைக்குக் கொணர்ந்த பூதமே காட்ஸில்லா. அது வரத்தின் பிள்ளையன்று, வெடிகுண்டின் பிள்ளை. அதனாலன்றோ பகுத்தறிவாளராகிய நாம் கூச்சமின்றி அதன் இரசிகர் என்று சொல்லிக்கொள்கிறோம்!

அந்த வரிசையில் இரசிகர் கூட்டத்தையே இரண்டாகப் பிளந்த படமொன்று உண்டு. 1971 ஜூலையில் வெளிவந்த 'காட்ஸில்லா எதிர் ஹெடோரா' என்பது அது. யோஷிமிட்சு பன்னோ இயக்கியது. அண்மையில் பீர்க்கன்கரணையில் நம் வீட்டுச் சிறு திரையில் நண்பர் நால்வரோடு அதைக் கண்டோம். இருவர் விழுந்து விழுந்து சிரித்தனர். ஒருவர் பாதியில் எழுந்து போனார். ஒருவர் மட்டும், முடிந்த பின்னும் பேசாதிருந்தார். ஊருக்கு ஊர் இப்படத்தின் கதி இதுவே. அமெரிக்காவில் 1978இல் வெளிவந்த 'மிக மோசமான ஐம்பது படங்கள்' என்னும் நூல் இதற்கும் ஓர் இடம் தந்தது. படத்தின் தயாரிப்பாளர் டொமொயுகி தனாகாவே, காட்ஸில்லாவைப் பாழ்படுத்திவிட்டார் என்று பன்னோவைச் சினந்தார் என்பர். பன்னோ அதன்பின் வேறொரு காட்ஸில்லா படத்தை இயக்கவில்லை.

அப்படி என்ன குற்றம் செய்தார்? கதையைக் கேளுங்கள்.

'ஹெடோரோ' என்றால் ஜப்பானிய மொழியில் கழிவுச் சேறு. ஃபுஜி நகரத்துக் காகித ஆலைகள் தகொனோவுரா துறைமுகத்தில் கொட்டிய சேற்றால் அச்சொல் அந்நாட்டில் வீட்டுக்கு வீடு வழங்கிற்று. அச்சேற்றில் வளர்கிறது ஹெடோரா. முதலில் நீரில் நீந்தும் தலைப்பிரட்டை; பிறகு கரையேறி, ஆலைப் புகைபோக்கியில் வாய் வைத்துப் புகையை உறிஞ்சும் பூதம்; பிறகு வானில் பறந்து அமிலம் தூவும் தட்டு. அது கடந்து போன தெருவில் மனிதர் எலும்பாய்க் கிடக்கின்றனர். உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த மாணவியர், அது மேலே பறந்ததும் சுருண்டு விழுகின்றனர்.

ஆசிரியப் பணியிலிருக்கும் நமக்கு அந்த இடத்தில் மூச்சு நின்றது. கற்பனை என்று தள்ள முடியவில்லை. 1970 ஜூலையில் டோக்கியோவின் சுகினாமிப் பகுதியில் பள்ளித் திடலில் நின்ற மாணவியர், நகரத்து நச்சுப்புகையால் மெய்யாகவே மயங்கி விழுந்தனர். படம் வந்தது மறு ஆண்டில்!

இனி, குற்றப்பத்திரிகையைப் பார்ப்போம்.

ஒன்று, படம் ஒரு நிலையில் நில்லாமல் தாவுகிறது என்பது. நடுநடுவே கேலிச்சித்திரம் ஓடுகிறது. கேளிக்கை விடுதியில் பாட்டு. ஆடுவோர் தலைகள் திடீரென மீன் தலைகளாகின்றன. சேற்றில் புதைந்த குழந்தை அழுகிறது. அடுத்த நொடியில் சிறுவனின் விளையாட்டு. இது குழப்பமன்றோ என்கின்றனர். குழப்பந்தான். ஆனால் எதன் குழப்பம்? ஒரு கையில் முகமூடியும் மறு கையில் கேளிக்கைச் சீட்டும் ஏந்தி நின்ற ஒரு சமுதாயத்தின் குழப்பம். சீராகச் சொல்லியிருந்தால் சொற்பொழிவாகியிருக்கும். இப்படிச் சொன்னதால் அச்சமாயிற்று.

இரண்டு, காட்ஸில்லா பறப்பது. வாயிலிருந்து பாயும் அனல் வேகத்தால், வாலைச் சுருட்டிக்கொண்டு, பின்னோக்கிப் பறக்கிறது அப்பெரும் உடல்! இதற்கு வாதாட நாம் முன்வரவில்லை. சிரித்த நண்பர் இருவரும் சரியாகவே சிரித்தனர். இரசிகன் பக்தன் அல்லன். குறையைக் குறை என்று கூற அஞ்சுபவன் இரசிகனாயிருக்கத் தகுதியற்றவன்.

மூன்றாவது குற்றம் ஒன்றுண்டு. அதைப் பலர் சாட்டுவதில்லை, நாம் சாட்டுகிறோம். ஹெடோராவின் வித்து விண்வெளியிலிருந்து வந்த ஒரு கனிமம் என்கிறது கதை. ஏன் இந்த ஒளிவிடம்? சேறு நம்முடையது, வித்து மட்டும் விண்ணுடையதா? 1954இன் படம் மனிதனை நேருக்கு நேர் சுட்டிற்று; இது விரலைச் சற்றே வானத்தின் பக்கம் திருப்புகிறது. இப்படத்தின் மெய்யான பலவீனம் இதுதான்.

ஆனால் இதே அளவுகோலால் நம்மூர்ச் சரக்கையும் அளக்க வேண்டாமா? 2018 நவம்பரில் சங்கர் இயக்கிய '2.0' வந்தது. கைப்பேசிகள் திரண்டு ஒரு பெரும் பறவையாகிச் சென்னையைத் தாக்கின. பறவைகளுக்காக வருந்தும் படமென்று வரவேற்றனர் பலர். அதன் உள்ளே இருந்தது என்ன? தற்கொலை செய்துகொண்ட ஒரு முதியவரின் ஆவி, உயிராற்றல் என்ற பெயரில் மறுபடியும் பழைய பேய்! கைப்பேசிக் கோபுரக் கதிர்வீச்சே பறவைகளைக் கொல்கிறதென்பது அறிவியல் நிலைநாட்டிய முடிவுமன்று. பெரும் பொருட்செலவும் வியப்பூட்டும் காட்சியும் அங்கே உண்டு. ஆனால் ஹெடோராவோ, சிறு செலவில், தைத்த உடுப்புக்குள் ஒரு நடிகரை நிறுத்தி, எதிரே உண்மையான சேற்றைக் காட்டிற்று. அங்கே அறிவியலாளர் யானோ, கடலில் இறங்கி முகம் வெந்த பின்னும், சேற்றுத் துணுக்கை ஆய்ந்து, உலர்த்தினால் அது மடியும் என்று கண்டுபிடிக்கிறார். மந்திரமில்லை, ஆய்வு! மின்தகடுகளை நிறுத்துகிறது இராணுவம். மின்கம்பி அறுந்து போகிறது. அரசு இயந்திரத்தை இதைவிட நயமாய் எள்ளியவர் யார்?

நமக்கு ஹெடோரா அயலான் அல்லன். நொய்யலின் குறுக்கே 1992இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையைக் கேளுங்கள். வயலுக்கு நீர் தரக் கட்டிய அணை, திருப்பூர்ச் சாயக் கழிவின் தொட்டியாயிற்று. நீர் திறந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டிய உழவர், திறக்காதீர் என்று கதறிய விந்தையை வேறெந்த நாடு கண்டது? தொலைவு வேண்டாம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் எழுந்த பெருங்குடிக் குப்பை மலையைப் பாருங்கள். அதுவும் வேண்டாம். நம் பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் மாலையில் நடந்து பாருங்கள். ஆகாயத்தாமரை போர்த்திய நீரும், வீட்டுக் கழிவின் நாற்றமும் நம்மை வரவேற்கும். பேரூராட்சியாயிருந்த நம்மூர் 2021இல் தாம்பரம் மாநகராட்சியில் இணைந்தது. பலகை மாறியதால் மட்டும் சாக்கடையின் பாதை மாறிவிடுமா? அதில் வந்து சேர்வது நம் வீட்டுக் கழிவுமன்றோ! பூதத்துக்குப் பாலூட்டியவர் பட்டியலில் நம் பெயரும் உண்டு.

இப்போது இப்படத்தை நாம் விரும்புவதற்கான தலையாய காரணத்தைக் கூறுவோம். நடுவில் ஒரு காட்சி. உலகம் நாறுகிறது, நம்மால் ஆவதொன்றுமில்லை, ஆடுவோம் பாடுவோம் என்று இளைஞர் கூட்டமொன்று ஃபுஜி மலையடிவாரத்தில் தீ மூட்டி, இசை முழக்கி ஆடுகிறது. புல்வெளியின் இருளில் முதியவர் சிலர் நின்று வாய் பேசாமல் பார்க்கின்றனர். ஹெடோரா வருகிறது. ஆடிய இளைஞர் கொள்ளிக்கட்டைகளை வீசுகின்றனர்; பயனில்லை; மடிகின்றனர்.

சிரித்த நண்பர் அங்கே சிரிக்கவில்லை. நாமும் சிரிக்கவில்லை. அந்த இளைஞர் கெட்டவரல்லர். நாற்றத்தை முதலில் உணர்ந்தவரும் அவர்களே. ஆயினும் உணர்ந்ததோடு நின்றனர். ஒன்றுகூடியதையே வென்றதாகக் கொண்டனர். தோழர்களே, அந்தத் தீயைச் சுற்றி நாமும் ஆடியதில்லையா? கூட்டம் போட்டோம், கைதட்டினோம், முழக்கமிட்டோம், மறுநாள் ஏரிக்கரையை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தோம்!

ஜப்பானில் மாசை அடக்கியது காட்ஸில்லா அன்று. யொக்காய்ச்சி நகரில் ஆலைப் புகையால் மூச்சு முட்டிய ஒன்பது நோயாளிகள் 1967இல் ஆலைகள் மீது வழக்குத் தொடுத்தனர். ஐந்தாண்டு போராடி 1972 ஜூலையில் வென்றனர். மக்கள் எழுப்பிய குரலால் 1970 இறுதியில் அந்நாட்டு நாடாளுமன்றம் மாசுக்கெதிராக 14 சட்டங்களை ஒரே கூட்டத் தொடரில் நிறைவேற்றிற்று. இங்கும் கழிவை முற்றும் தூய்மை செய்யாத திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடுமாறு 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டதற்கு, நீதிமன்றப் படியை விடாமல் ஏறிய உழவர்களே காரணம்.

படத்தின் இறுதியில், ஹெடோராவை உலர்த்திக் கொன்ற காட்ஸில்லா உடனே கடலுக்குத் திரும்புவதில்லை. நின்று, மனிதர்களைத் திரும்பிப் பார்க்கிறது. வாழ்த்தும் பார்வையன்று அது, வெறித்த பார்வை. இது உங்கள் வேலை, நான் செய்து தொலைத்தேன் என்பது போன்ற பார்வை. அவதாரங்கள் எவையும் நம்மை அப்படிப் பார்த்ததில்லை, அருள்பாலித்தே மறைந்தன.

அந்தப் பார்வைக்காகப் பின்னோக்கிப் பறந்ததையும் மன்னித்தோம். வரும் ஞாயிறன்று அதே நண்பர் நால்வரும் நம் வீட்டுக்கு வருகின்றனர். பாதியில் எழுந்து போனவரும் வருகிறார். படம் பார்க்க அன்று. ஏரிக்குள் கழிவுநீர் எந்தெந்த வழியே வருகிறதென்று நடந்து குறித்து, மாநகராட்சிக்கு விண்ணப்பம் எழுத. முதற் குறிப்பு நம் தெருவிலிருந்தே தொடங்கும்.