சன்னமான வாத்தியம்

வீணை தனம்மாளைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர்கள் உடனே கதை சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். ஜார்ஜ் டவுன் வீடு, வெள்ளிக்கிழமை மாலை, மூச்சு விடக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்த ரஸிகர்கள், யாராவது இருமினால் நின்றுபோகும் வாசிப்பு. இவற்றில் எது எவ்வளவு நிஜம் என்ற விசாரணையில் நான் இறங்கப் போவதில்லை. ஆனால் இந்தக் கதைகள் ஒரு காரியத்தைச் சாமர்த்தியமாகச் செய்துவிடுகின்றன. தொழில் தெரிந்த ஒரு பெண்மணியைத் தெய்வமாக்கிவிட்டு, அந்தத் தொழிலைப் பற்றிப் பேசாமல் தப்பித்துக்கொள்ள நமக்கு வழி செய்து கொடுக்கின்றன. தெய்வத்துக்குக் கற்பூரம் காட்டினால் போதும். சன்மானம் கொடுக்க வேண்டியதில்லை.

நான் கதை எழுதுகிறவன். சங்கீத சாஸ்திரத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் யோக்யதை எனக்குக் கிடையாது. ஆனால் ஒரு மனுஷி தன் வாழ்நாளில் எதை ஏற்றுக்கொண்டாள், எதை மறுத்தாள், அதற்கு என்ன விலை கொடுத்தாள் என்று பார்ப்பது எங்கள் தொழில். அந்தக் கண்ணோடு பார்த்தால், தனம்மாளின் வாழ்க்கை ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலாகத் தெரிகிறது. பெரிய மண்டபங்களும் ஒலிபெருக்கியும் வந்துவிட்ட காலத்தில், சன்னமாகப் பேசும் ஒரு வாத்தியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் அந்தக் கேள்வி.

இதே கேள்வி கிட்டத்தட்ட அதே காலத்தில் பிரான்ஸிலும் ஒரு பெண்மணியின் முன் நின்றது. அவர் பெயர் வாண்டா லாண்டோவ்ஸ்கா. 1879-ல் வார்ஸாவில் பிறந்து, 1900-ல் பாரிஸுக்குக் குடிபெயர்ந்து, பிற்காலத்தில் பிரெஞ்சுப் பிரஜையானவர். அவர் கையில் எடுத்துக்கொண்ட வாத்தியம் ஹார்ப்ஸிகார்டு. பார்வைக்குப் பியானோ மாதிரி இருக்கும். குணத்தில் வீணைக்கு உறவு. பியானோவில் கட்டையை அழுத்தினால் சுத்தியல் தந்தியை அடிக்கிறது. ஹார்ப்ஸிகார்டில் ஒரு சிறு மரத்துண்டு மேலே எழும்பி, அதில் செருகிய இறகுக் காம்பு தந்தியை மீட்டுகிறது. எவ்வளவு பலமாக அழுத்தினாலும் சத்தம் கூடாது. ஆகவே வாசிக்கிறவருக்கு உள்ள சுதந்திரமெல்லாம் காலத்தில்தான். ஒரு ஸ்வரத்தை எவ்வளவு நேரம் நிறுத்துவது, அடுத்ததை எத்தனை நுணுக்கமாகத் தாமதிப்பது என்பதில்தான் அந்த வாத்தியத்தின் பாவம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் பியானோ அதை ஓரங்கட்டிவிட்டது. பாக், கூப்பரான், ஸ்கார்லாட்டி முதலியோர் அதற்கென்றே எழுதியவற்றையும் பியானோவில் வாசிப்பது வழக்கமாயிற்று.

லாண்டோவ்ஸ்கா அதைத் திரும்ப மேடைக்குக் கொண்டுவந்தார். எப்படிக் கொண்டுவந்தார் என்பதுதான் விஷயம். பிளேயெல் என்ற பியானோ கம்பெனியைக் கொண்டு 1912-ல் தனக்கென்று ஒரு வாத்தியம் செய்வித்தார். பியானோவைப் போன்ற கனமான கட்டுமானம், காலால் இயக்கும் மிதிகள், ஒரு ஸ்தாயி தாழ்ந்த கூடுதல் தந்தி வரிசை எல்லாம் அதில் உண்டு. பழைய காலத்து ஹார்ப்ஸிகார்டுக்காரர் அதைப் பார்த்தால் தன் வாத்தியம் என்று அடையாளம் கண்டிருப்பாரா என்பது சந்தேகமே. ஆனால் பெரிய மண்டபத்தில் அது கேட்டது. 1925-ல் பாரிஸுக்கு அருகில் ஸான்-லெ-லா-ஃபோரே என்ற ஊரில் பழைய சங்கீதத்துக்கென்று ஒரு பள்ளிக்கூடம் வைத்தார். 1933-ல் பாக்கின் ‘கோல்ட்பர்க்’ மாறுபாடுகளை இசைத்தட்டில் பதிவு செய்தார். யூதராகப் பிறந்தவராதலால் 1940-ல் ஜெர்மானியப் படை வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓட வேண்டியதாயிற்று. அவருடைய வாத்தியங்களும் புத்தகங்களும் கொள்ளை போயின. அமெரிக்காவில் மறுபடி ஆரம்பித்து, 1959-ல் காலமாகும் வரை ஓயவில்லை.

தனம்மாள் அவருக்குப் பன்னிரண்டு வயது மூத்தவர், 1867-ல் பிறந்தவர். பாட்டி காமாக்ஷி தஞ்சாவூர் அரண்மனையில் ஆடியவர். தாயார் சுந்தரம்மாள், சியாமா சாஸ்திரியின் குமாரர் சுப்பராய சாஸ்திரியிடம் பாடம் கேட்டவர். தனம்மாளும் சும்மா அருள் வந்து வாசித்தவரல்ல. தீக்ஷிதர் கீர்த்தனங்களைச் சாத்தனூர் பஞ்சு ஐயரிடமும், க்ஷேத்ரக்ஞர் பதங்களைக் கண் தெரியாத பாலகிருஷ்ணதாஸிடமும் கற்றுக்கொண்டார். தர்மபுரி சுப்பராயரின் ஜாவளிகளை அவர் வாயிலிருந்தே கேட்டு வாங்கிக்கொண்டார். இது ஒருவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்த சொத்து. கதை சொல்கிறவர்கள் இந்தப் பாடம் கேட்ட வருஷங்களை மட்டும் எப்போதும் விட்டுவிடுகிறார்கள்.

அவர் விரலில் கம்பிச் சுருள் எதுவும் மாட்டிக்கொள்ளாமல் வெறும் விரலாலேயே மீட்டினார். வாசித்துக்கொண்டே மெல்லப் பாடினார். வீணையில் ஒருமுறை மீட்டிவிட்டு, அந்த நாதம் தேய்ந்துகொண்டே போகும்போது இடது கையால் தந்தியை இழுத்து இழுத்து, நாலைந்து ஸ்வரங்களை அதிலிருந்தே எடுக்கலாம். மறைந்துகொண்டிருக்கும் ஒலியிலிருந்து செய்யும் வேலை இது. சத்தம் வேண்டுமென்றால் ஸ்வரத்துக்கு ஒரு மீட்டு மீட்ட வேண்டும். அப்போது இந்த வேலை போய்விடும். அவருடைய மெல்லிய தொனி குறையும் அல்ல, விரதமும் அல்ல. சௌக்க காலத்துப் பதத்தை வாசிக்க அதுதான் முறை.

1930-களில் பதிவான சில இசைத்தட்டுகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றை நான் கேட்பது ஆத்தூரில் உட்கார்ந்துகொண்டு. சேலத்து ஆத்தூர் அல்ல. திண்டுக்கல் சீமையில் செம்பட்டிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் காமராஜர் அணை இருக்கிறதே, அந்த ஆத்தூர். இங்கே காதுகுத்தானாலும் கோயில் கொடையானாலும் மைக் செட் கட்டாமல் காரியம் நடக்காது. ஒருநாள் இந்தப் பதிவு ஓடிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பையன் வந்து, “என்னண்ணே, சவுண்டே காணோம்?” என்றான். உட்காரச் சொன்னேன். ஒரு தட்டு முடிகிற மட்டும் பொறுமையாக இருந்துவிட்டு, “ஒரு தடவ தட்டிட்டு எம்புட்டு நேரம் இழுக்குறாங்க!” என்றான். தனம்மாளைப் பற்றி நான் படித்த பல விமரிசனங்களைவிட இது மேலானது. பையனுக்குக் காது இல்லாமல் இல்லை. அந்தக் காதுக்கு முன்னால் இதை யாரும் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

தனம்மாள் தம் வாத்தியத்தைப் பெரிதாக்கிக்கொள்ளவில்லை. கேட்கிறவர்களை வீட்டுக்கு வரச் செய்தார். இதற்கு அவர் கொடுத்த விலை சாமான்யமல்ல. கடைசிக் காலத்தில் கண் பார்வை குன்றியது, வறுமையும் சேர்ந்துகொண்டது. அதே சமயத்தில் அவர் பிறந்த தேவதாசிக் குலத்தின் பழைய முறைகளை ஒழிக்கும் முயற்சி வலுத்து, 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டமாயிற்று. அந்த முயற்சிக்கு நியாயம் இருந்தது. ஆனால் அதோடு கூடவே, அந்தக் குலத்துப் பெண்கள் காப்பாற்றி வந்த சிருங்காரப் பதங்களும் கௌரவக் குறைவானவை என்ற எண்ணம் பரவியது. 1938-ல் தனம்மாள் காலமானபோது அவர் பாண்டித்யத்தின் பெரும் பகுதிக்குச் சபைகளில் இடம் குறைந்துகொண்டிருந்தது. புகழ்ந்தவர்கள் பலர். வீட்டுக்கு வந்து இலவசமாகக் கேட்டுவிட்டுப் புகழ்வதில் சிரமம் என்ன இருக்கிறது?

இரண்டு பேரையும் வைத்துக் கணக்குப் பார்த்தால் முடிவு எதிர்பார்த்த மாதிரி இல்லை. லாண்டோவ்ஸ்கா விட்டுக்கொடுத்தார், ஜெயித்தார். அவருக்குப் பின் பிரான்ஸில் ஹார்ப்ஸிகார்டு வாசிப்பது ஒரு முழு நேரத் தொழிலாயிற்று. கூப்பரானை முழுவதும் பதிவு செய்த ப்ளாந்தின் வெர்லே (1942–2018) போன்றவர்கள் வந்தார்கள். ஆனால் வந்தவர்கள் முதல் காரியமாக லாண்டோவ்ஸ்காவின் கனத்த வாத்தியத்தை ஒதுக்கிவிட்டார்கள். அருங்காட்சியகத்தில் இருந்த பழைய வாத்தியங்களை அளவெடுத்து, அதே மாதிரி லேசாகச் செய்வித்து வாசித்தார்கள். அவர் விட்டுச்சென்றது வாசிக்கிறவர்களை, வாத்தியத்தை அல்ல.

தனம்மாள் விஷயம் இதற்கு நேர் எதிர். பாட்டு பிழைத்துவிட்டது. பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் அந்தப் பதங்களைச் சுருதி பிசகாமல் வைத்திருந்தார்கள்; மேடையில் தங்களைவிடப் பெயர் பெற்ற வித்வான்கள் பிருந்தாவிடம் வந்து பதம் கேட்டுக்கொண்டு போனார்கள். இன்னொரு பேத்தி பாலசரஸ்வதி அவற்றுக்கு அபிநயம் பிடித்து உலகத்துக்கே காட்டினார். பாலசரஸ்வதிக்கு 1973-லும் பிருந்தாவுக்கு 1976-லும் சென்னை மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதிப் பட்டம் கொடுத்தது. பேரன் விசுவநாதன் புல்லாங்குழலோடு அமெரிக்காவில் வெஸ்லியன் சர்வகலாசாலைக்குப் போய் அங்கே கற்பித்தார். வீணை? பிருந்தா வாசித்தார், சாவித்திரி ராஜன் போன்ற சிலர் அந்த வழியைக் காப்பாற்றினார்கள். சிலர்தான். பெரிய மண்டபங்களை நிரப்பிய வீணை, எஸ். பாலசந்தரும் சிட்டிபாபுவும் ஒலிபெருக்கிக்கு இணங்க அமைத்துக்கொண்ட வேறு வீணை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கச்சேரியில் டிக்கட் வாங்கியவன், வீணை என்றால் என்ன என்றாவது தெரிந்துகொண்டான்.

ஆகவே தனம்மாளின் மறுப்பை வெறும் வெற்றி என்று கொண்டாட நான் தயாராயில்லை. அந்த மறுப்பினால் பதம் சிதையாமல் வந்தது. அதே மறுப்பினால் அவர் கைவழி குறுகிப்போயிற்று. இரண்டும் உண்மை. ஆனால் குறுகிப்போனதற்கு அவரைப் பொறுப்பாக்குவது அநியாயம். ஹார்ப்ஸிகார்டுக்குப் பிரான்ஸில் பள்ளிக்கூடமும் கம்பெனியும் காசு கொடுத்துக் கேட்கிறவனும் கிடைத்தார்கள். பழைய லேசான வாத்தியத்துக்கே பின்னால் ஜனங்கள் திரும்பி வந்தார்கள் என்றால், அது அந்த ஏற்பாட்டினால்தான். தனம்மாளுக்குக் கிடைத்தது பக்தி.

பக்தியை வைத்துக்கொண்டு ஒரு கலை ஒரு தலைமுறை தாங்கும். அடுத்த தலைமுறைக்கு மாதாமாதம் சம்பளம் வேண்டும். உங்கள் தெருவிலோ பக்கத்து ஊரிலோ நாலு குழந்தைகளுக்கு வீணை சொல்லிக்கொடுக்கும் அம்மாள் ஒருவர் இருக்கக்கூடும். தனம்மாளுக்கு மரியாதை செய்ய விரும்புகிறவர்கள் அந்த அம்மாளின் சம்பளத்தை முதல் தேதியே கொடுத்துவிடலாம்.