நான்கு கம்பிகளில் வந்த நாதம்

முப்புரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான் விநாயகரை முதலில் வணங்காமல் கிளம்பியதனால் தேரின் அச்சு முறிந்து நின்ற இடமே அச்சிறுபாக்கம் என்று ஸ்தலபுராணம் கூறுகிறது. சம்பந்தர் பதிகம் பெற்ற அந்த ஊரில், இன்று அச்சரப்பாக்கம் என்று வழங்கும் இந்த ஊரில், ஆட்சீஸ்வரர் கோயிலுக்குச் சமீபத்தில் வசிக்கும் நான், கணினியிலுள்ள தேவாரப் பதிவுகளைச் செம்மையாகக் கேட்கவேண்டும் என்ற ஆசையினால், யூஎஸ்பி ஒலிப்பலகை ஒன்றைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவந்து, கம்பிகளை என் கையாலேயே பற்றவைத்து, மூன்று வாரம் பழகிய பிறகு இந்த விமர்சனத்தை எழுதுகிறேன்.

உள்ளங்கையில் அடங்கும் இப்பலகையின் ஜீவன், டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் பிசிஎம் 2704 என்னும் சிப். கணினி அனுப்பும் எண்களை இது இசையலையாக மாற்றித் தருகிறது. தனியாக டிரைவர் எதுவும் ஏற்றவேண்டியதில்லை. மின்சாரமும் அதே கேபிளின் 5 வோல்ட்டிலிருந்தே கிடைத்துவிடுகிறது. நாம் இணைக்கவேண்டியவை யூஎஸ்பி கேபிளின் நான்கு கம்பிகளும், ஆம்ப்ளிஃபயருக்குச் செல்லும் மூன்று கம்பிகளுமே ஆகும்.

சிவப்பு மின்சாரம், கறுப்பு கிரவுண்ட், வெள்ளையும் பச்சையும் தகவல் கம்பிகள் என்ற சம்பிரதாயத்தை நம்பி நான் இணைத்த முதல் நாள், கணினி இச்சாதனத்தை அடையாளம் காண மறுத்துவிட்டது. பலகை பழுதோ என்று கலங்கி, பிறகு மல்டிமீட்டரைக் கொண்டு பிளக்கின் ஒவ்வொரு முனையிலிருந்தும் கம்பியின் மறுமுனை வரையில் தொடர்ச்சி பார்த்தபோதுதான், அந்தக் கேபிளில் வெள்ளையும் பச்சையும் இடம் மாறியிருந்த விஷயம் வெளிப்பட்டது. இவ்வகைச் சாதனம், தான் விநாடிக்கு 12 மெகாபிட் வேகத்தில் பேசக்கூடியது என்பதை, டி பிளஸ் என்னும் கம்பியை 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக உயர்த்திக் காட்டியே கணினிக்கு அறிவிக்கிறது. கம்பிகள் மாறினாலோ, வந்திருப்பது 1.5 மெகாபிட் வேகச் சாதனம் என்று எண்ணிக் கணினி மயங்கிவிடுகிறது. நிறத்தை நம்பாமல் தொடர்ச்சி பார்ப்பதே இவ்வேலைக்குப் பிள்ளையார் சுழி.

இசை வந்தது, கூடவே ஒரு ரீங்காரமும் வந்தது. தம்புரா ஒலிக்கும்வரை அது சுருதிக்குள் மறைந்திருந்து, ஓதுவார் மூச்செடுக்கும் இடைவெளியில் தலைகாட்டிற்று. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் நின்றது, மாட்டியதும் திரும்பிற்று. சார்ஜருக்கு ஓர் எர்த்தும் ஆம்ப்ளிஃபயருக்கு வேறோர் எர்த்தும் இருக்க, அவ்விரண்டையும் நம்முடைய ஒலிக்கம்பி இணைத்து ஒரு வளையமாக்கிவிடுவதால், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் துடிப்பு அதில் சுற்றிவருகிறது. இதற்காக எர்த் முனையை வெட்டிவிடுவோர் உண்டு. உயிருக்கே ஆபத்தாகக்கூடிய அக்காரியத்தை எக்காரணத்தாலும் செய்யலாகாது. இரண்டு பிளக்குகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகியதில் பெரும்பகுதி அடங்கிற்று. ஒலிப்பாதையில் சிறிய ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வைத்ததும் முற்றிலும் மறைந்தது.

எஞ்சியது ஊசி போன்ற மெல்லிய கீச்சொலி. கணினி ஒரு மில்லி விநாடிக்கு ஒரு தரம், 192 பைட் வீதம் இசையைப் பொட்டலம் கட்டி அனுப்புகிறது. ஆகையால் விநாடிக்கு 1,000 துடிப்பு மின்னோட்டத்தில் தோன்றுகிறது. அத்துடிப்பு ஓடும் கறுப்புக் கம்பியின் முனையிலேயே ஆம்ப்ளிஃபயரின் கிரவுண்டையும் நான் பற்றவைத்திருந்தபடியால், அங்கு உண்டாகும் நுண்ணிய வோல்ட்டேஜ் வேறுபாடு இசையோடு கலந்துவிட்டது. அந்த இணைப்பை எடுத்து, சிப்பின் ஒலிப்பகுதிக்குரிய கிரவுண்டில் வைத்து, 5 வோல்ட் பாதையில் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்தேன், கீச்சொலி ஒழிந்தது.

குறைகளையும் சொல்லவேண்டும். விநாடிக்கு 48,000 மாதிரி, 16 பிட் என்பதே இதன் எல்லை. அதற்கு மேற்பட்ட தரத்தில் பதிவுகளைச் சேர்ப்பவருக்கு இது போதாது. பெட்டியில் வந்த விளக்கத்தாளில் கிரவுண்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆனால் பழைய பண்ணிசைப் பதிவுகளைக் கேட்க விரும்புவோருக்கும், பற்றவைக்கக் கற்கும் மாணவருக்கும், மல்டிமீட்டர் ஒன்று கையில் இருக்குமானால், இதை மனப்பூர்வமாகச் சிபாரிசு செய்கிறேன். நேற்றிரவு கேட்ட பதிகத்தில், ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே, ஓதுவார் தாளத்தைக் கீழே வைக்கும் சிறு ஓசைகூடத் தெளிவாகக் காதில் விழுந்தது.