தாமரையும் தாலியும்

காதலுக்குப் பகைவன் தடையானால் வாளெடுத்து வெல்லலாம். பிறப்பும் படிநிலையும் தடையானால் வெல்வது எப்படி? அத்தடைக்கு முகமில்லை. ஆகவே நாவலாசிரியர் அதனைப் பொருள்களின் வாயிலாகவே காட்ட வேண்டியவராகிறார். 1944 முதல் 1946 வரை தொடராக வெளிவந்த கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ இதற்குத் தக்க சான்று. மாமல்லன் பல்லவ இளவரசன். சிவகாமியோ சிற்பி ஆயனரின் மகள்.

முதற்பொருள் தாமரைக்குளம். இருவரும் மனம்விட்டுப் பேசுவது அதன் கரையிலேதான். சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் விதானத்தைக் கண்டவர்க்கு இதன் குறிப்பு எளிதில் விளங்கும். அங்கே மீனும் அன்னமும் யானையும் மலர் கொய்யும் மாந்தரும் ஒரே பொய்கையில் கூடியிருக்கின்றனர். சமண மரபில் அது அருகன் அறவுரை கேட்கச் செல்வோர் கடக்கும் பொய்கை, தங்கும் இல்லமன்று. கல்கியின் குளமும் அத்தகையதே. கரையில் சமத்துவம் உண்டு. அரண்மனை வரை அது செல்வதில்லை.

இரண்டாவது, அழியாத அஜந்தா வர்ணம். அதன் இரகசியத்தைத் தேடும் ஆயனர் மகளின் வாடும் முகத்தைக் காணத் தவறுகிறார். கலை நிலைக்க வேண்டும் என்னும் வேட்கை, கலைஞரின் வாழ்வை மறந்துவிடுகிறது.

மூன்றாவது தாலி. மாமல்லன் பாண்டிய இளவரசியை மணந்தபின், சிவகாமி ஏகாம்பரநாதர் சந்நிதியில் தன் கையாலேயே தாலி அணிகிறாள். வாசகர் கண் கலங்குகிறது. ஆனால் இங்கேதான் என் மறுப்பு. அரபுக் கதையில் அடிமைத்தாயின் மகன் அந்தரா, அப்லாவை அடைய நுஃமான் மன்னனின் ஒட்டகங்களை மஹராகக் கொணர வேண்டியிருந்தது. விலை கொடிது, எனினும் அது மனிதர் கேட்ட விலை. சிவகாமியிடம் எவரும் விலை கேட்கவில்லை; கதவையே அடைத்துவிட்டனர். அடைத்த கை அரசகுலத்தின் கை என்பதை அந்தத் தாலி மறைத்துவிடுகிறது. அநீதி, பக்தியாகிவிடுகிறது.

சித்தன்னவாசல் ஓவியங்களை முன்பு மகேந்திரவர்மனுக்கு உரியன என்றனர். பின்னர், சீமாறன் சீவல்லபன் (815–862) காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் திருப்பணி செய்ததைக் கல்வெட்டு உணர்த்தியது. மன்னர் பெயர் மாறியது. தூணில் ஆடும் நங்கையின் பெயரோ, அவளைத் தீட்டியவன் பெயரோ இன்றளவும் இல்லை. அத்தகைய ஒருத்திக்குப் பெயரும் நெஞ்சும் தந்தது கல்கியின் பெருமை. நீதியையும் தந்திருக்கலாம் என்பதே நம் குறை.