வேடத்துக்குள் தலைமறைவு: விசுவநாததாசும் எழுபதுகளின் திரைப்பாடகனும்

முன்னுரை

பாடகன் ஒருவன் சட்டத்தின் பார்வையில் குற்றவாளியாகித் தலைமறைவாகத் திரிவது எழுபதுகளின் உலகத் திரைப்படங்களில் இடம்பெற்ற கதைப்பொருள்களுள் ஒன்று. பெரி ஹென்செல் இயக்கத்தில் 1972இல் வெளிவந்த 'தி ஹார்டர் தே கம்' என்னும் ஜமைக்காப் படம் இதற்குத் தக்க சான்றாகும். அதே காலத் தமிழ்த் திரைப்படத்தில் இத்தகைய பாடகனைக் காண்பது அரிது. ஆயின், தமிழ் நாடக மேடையில் அத்தகைய ஒருவர் உண்மையிலேயே வாழ்ந்திருக்கிறார். அவர் எஸ்.எஸ். விசுவநாததாஸ் (1886–1940). மேடைப்பாடகர் என்னும் பாத்திரம் திரைக்கு வந்தபோது எதை இழந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

'வள்ளி திருமணம்' தந்த மறைவிடம்

விசுவநாததாஸ் சிவகாசியில் பிறந்தவர். அவருக்குப் புகழ் தேடித் தந்த 'வள்ளி திருமணம்' நாடகத்தை யாத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). சுவாமிகள் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். இந்நாடகத்தின் கதைப்பொருளே மாறுவேடம்தான். முருகன் வேடனாகவும் கிழவனாகவும் வருகிறான். கந்தபுராண மரபில், நம்பிராசன் வரும்போது வேங்கை மரமாக நின்று மறைகிறான். எனவே, பிடிபடாமல் நிற்கும் காதலன் என்னும் உரு கதைக்குள்ளேயே அமைந்திருக்கிறது.

நாடக வடிவமும் இதற்குத் துணை செய்தது. ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவர்களாக இருப்பதில்லை. தனித்தனியே அமர்த்தப்பட்டு, ஒத்திகையின்றி மேடையில் சந்திக்கிறார்கள். கதையின் போக்கு எல்லோருக்கும் தெரியும். தர்க்கத்திற்கும் இடைப்பாடலுக்கும் தாராளமான இடம் உண்டு. அந்த இடத்தில்தான் மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றோர் இயற்றிய தேசியப் பாடல்கள் நுழைந்தன. தினைப்புனத்தில் பறவை விரட்டும் காட்சியில் வெள்ளைக் கொக்கு வெள்ளை ஆட்சியாளரைக் குறிக்கும் பாடல் இவ்வகையில் பெரும் புகழ் பெற்றது. புராணக் காட்சி சிறிதும் சிதையாமலே அரசியல் பொருள் அவையோரைச் சென்றடைந்தது.

1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்த்துகைச் சட்டம், அரசுக்கு எதிரான உணர்வைத் தூண்டும் நாடகங்களைத் தடை செய்யும் அதிகாரத்தைக் காலனிய அரசுக்கு வழங்கியது. ஆனால், 'வள்ளி திருமணம்' என்னும் நாடகத்தில் குற்றம் காண்பதற்கு எதுவுமில்லை. குற்றம் அன்றிரவு பாடப்பட்ட பாட்டில் இருந்தது. ஆகவே, காவலர்கள் பனுவலை விட்டுவிட்டுப் பாடகரையே தேடி வந்தனர். விசுவநாததாஸ் பலமுறை கைதாகிச் சிறை சென்றார். கைது செய்ய வந்தவர்களிடம், மேடையில் நிற்பவன் முருகன் என்றும், வேடம் கலைத்த பின்னரே விசுவநாததாசைக் கைது செய்ய இயலும் என்றும் அவர் கூறியதாக ஒரு செய்தி வாய்மொழியாக வழங்குகிறது. அது நடந்தவாறே சொல்லப்படுகிறதா என்பதைக் காட்டிலும், வேடத்தை அவர் மறைவிடமாகக் கொண்டார் என மக்கள் புரிந்துகொண்டதே இங்குக் கருதத்தக்கது.

குரலும் உடலும்

ஜமைக்காப் படத்தின் நாயகன் ஐவன், தான் பாடிய பாட்டை இருபது டாலருக்கு இசைத்தட்டுத் தயாரிப்பாளரிடம் விற்றுவிடுகிறான். பின்னர்க் காவலரைச் சுட்டுத் தலைமறைவாகிறான். அவன் ஒளிந்திருக்கும்போதே பாட்டு ஊரெங்கும் ஒலிக்கிறது. இசைத்தட்டு குரலை உடலிலிருந்து பிரித்துவிட்டதால் இது இயல்கிறது. விசுவநாததாசின் நிலை இதற்கு நேர்மாறானது. ஊரும் நாளும் குறித்து விளம்பரம் செய்யப்பட்ட மேடையில் அவர் தாமே வந்து நின்றாக வேண்டும். தேடப்படும் இடத்திலேயே தோன்றுவதுதான் அவர் தொழில்.

அந்த உடலுக்கு மற்றொரு விலக்கும் இருந்தது. அவர் முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்தவர். அதனால் அவருக்கு இணையாக நடிக்க நடிகையர் சிலர் மறுத்தனர். அவர் முருகனாக வள்ளியின் முன் நின்றது அரசின் தடையோடு சாதியின் தடையையும் மீறிய செயலாகும். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

எழுபதுகளின் பிளவு

எழுபதுகளின் தமிழ்த் திரை இந்த உருவை இரண்டாகப் பிரித்தது எனலாம். கர்ணன் இயக்கி ஜெய்சங்கர் நடித்த 'கங்கா', 'ஜக்கம்மா' (1972) ஆகிய படங்களில் குதிரையும் துப்பாக்கியும் வந்தன. அவற்றின் நாயகன் பாட்டால் குற்றவாளியானவன் அல்லன். மறுபுறம், பி. மாதவன் இயக்கிய 'ராஜபார்ட் ரங்கதுரை' (1973) நாடகப் பாடகனையே நாயகனாக்கியது. பகத்சிங், திருப்பூர் குமரன் ஆகிய வேடங்கள் அதில் இடம்பெறுகின்றன. ஆயினும், படத்தின் மையச் சிக்கல் உடன்பிறந்தோருக்காகத் தன்னை இழக்கும் அண்ணனின் துயரமாகவே அமைகிறது. தியாகம் எஞ்சுகிறது, ஆனால் தண்டனைக்குரிய பாட்டும், சாதி விலக்கைச் சுமந்த உடலும் மையத்திலிருந்து விலகிவிடுகின்றன.

பின்னணிப் பாடல் முறையும் இதனுடன் இணைத்து எண்ணத்தக்கது. திரையில் சிவாஜி கணேசன் வாயசைக்க, குரல் டி.எம். சௌந்தரராஜனுடையது. இது திரைக்கலையின் குறையன்று. எனினும், பாடும் வாய்க்கே விலங்கு மாட்டப்படும் என்னும் அச்சத்தை இம்முறை உணர்த்துவது கடினம்.

முடிவுரை

'ராஜபார்ட் ரங்கதுரை' நாடகக் கலைஞர்மீது பரிவு கொண்ட படம் என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்தப் பரிவு கலைஞரின் வறுமைக்கும் குடும்பத் துயருக்கும் உரியதாக நின்றுவிடுகிறது; அவர் பாட்டு அரசுக்கு ஏன் ஆபத்தாயிற்று என்னும் வினாவை எட்டவில்லை. தென்மாவட்டக் கோயில் கொடைகளில் 'வள்ளி திருமணம்' இன்றும் விடிய விடிய நடக்கிறது. தினைப்புனக் காட்சியில் இன்றைய நடிகர்கள் எவற்றைச் சேர்க்கிறார்கள், எவற்றைத் தவிர்க்கிறார்கள் என்பதைக் களத்தில் பதிவு செய்வது, திரை விட்டுச்சென்ற அவ்வினாவுக்கு விடை தேடும் வழியாக அமையும்.