நினைவும் உணர்வும்: டெட் சியாங்கின் ஒரு கதையை முன்வைத்து

அமெரிக்க எழுத்தாளர் டெட் சியாங் 2013-ல் வெளியிட்ட 'தி ட்ரூத் ஆஃப் ஃபேக்ட், தி ட்ரூத் ஆஃப் ஃபீலிங்', நினைவுக்கும் உணர்வுக்கும் உள்ள உறவை ஆராயும் அறிவியல் புனைகதை. தலைப்பைத் தமிழில் 'தகவலின் உண்மை, உணர்வின் உண்மை' எனலாம். 2019-ல் வந்த 'எக்ஸலேஷன்' தொகுப்பில் இது இடம்பெற்றுள்ளது.

கதை

கதையில் இரண்டு இழைகள் மாறிமாறி வருகின்றன. முதலாவது எதிர்காலத்தில் நடக்கிறது. மக்கள் தங்கள் வாழ்க்கை முழுவதையும் காணொளியாகப் பதிவுசெய்கிறார்கள். 'ரெமெம்' என்ற மென்பொருள், ஒருவர் பழைய நிகழ்வொன்றைக் குறிப்பிட்டவுடன் அதன் பதிவைக் கண்முன் காட்டுகிறது. இதை ஐயத்தோடு அணுகும் பத்திரிகையாளர் ஒருவர் தன் வாழ்விலேயே அதைச் சோதித்துப் பார்க்கிறார். மனைவி பிரிந்து சென்றபின் ஒரு சண்டையில், "அம்மா போனதற்கு நீங்கள்தான் காரணம்" என்று மகள் தன்மீது பழி சுமத்தியதாக அவர் பல ஆண்டுகளாக நம்பியிருக்கிறார். பதிவைப் பார்க்கும்போது, அந்தச் சொல்லை மகளிடம் சொன்னவர் தானே என்று தெரிகிறது.

இரண்டாவது இழை, பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் இன்றைய நைஜீரியாவிலுள்ள டிவ் மக்களிடையே நிகழ்கிறது. ஜிஜிங்கி என்ற இளைஞன் மோஸ்பி என்ற மதபோதகரிடம் எழுதப் படிக்கக் கற்கிறான். குலமரபு குறித்து ஒரு வழக்கு எழும்போது, பெரியவர்கள் சொல்லும் வரலாறும் அரசு ஆவணத்திலுள்ள பழைய குறிப்பும் முரண்படுவதைக் கண்டறிகிறான். டிவ் மொழியில் உண்மைக்கு இரண்டு சொற்கள் உண்டு என்கிறது கதை. ஒன்று நடந்ததைப் பிசகாமல் சொல்வது. 'மிமி' என்னும் மற்றது, அனைவருக்கும் சரியாக அமைவது. ஜிஜிங்கி இறுதியில் ஆவணத்தை விட்டுப் பெரியவர்களின் சொல்லை ஏற்கிறான்.

அறிவியல் பின்புலம்

நினைவு பெட்டிக்குள் வைத்த பொருள்போல மாறாமல் இருப்பதில்லை. 2000-ல் கரீம் நாடெர், கிளென் ஷாஃப், ஜோசப் லெடூ ஆகியோர் எலிகளில் செய்த ஆய்வு இதற்குப் புகழ்பெற்ற சான்று. ஓர் ஒலியைக் கேட்டால் அஞ்சும்படி எலிகள் பழக்கப்பட்டிருந்தன. அந்த ஒலியை மீண்டும் கேட்கச் செய்த உடனே, அச்சத்தோடு தொடர்புடைய 'அமிக்டலா' என்ற மூளைப்பகுதியில் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்து செலுத்தப்பட்டது. பின்னர் அச்சம் குறைந்தது. நினைவுகூரும் கணத்தில் நினைவு இளகி, மறுபடியும் உறுதிப்பட வேண்டியிருக்கிறது என்பதை இது காட்டியது. குற்றவுணர்வு மனக்குறையாகத் திரிவதை எலி ஆய்வு நிறுவவில்லை. ஆனால் அத்தகைய திரிபுக்கு நினைவில் இடமுண்டு என்ற எண்ணத்துக்கு அது துணைநிற்கிறது.

மதிப்பீடு

கதையின் இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் முடிகின்றன. டிவ் மக்களிடம் உணர்வின் உண்மை வெல்கிறது. தந்தையின் வாழ்வில் அது தோற்கிறது. இதை ஆசிரியரின் தயக்கம் என்று கொள்ளத் தேவையில்லை. டிவ் குலத்தின் நினைவைத் திருத்தும் உணர்வு, சேர்ந்து வாழவேண்டும் என்ற பொது விருப்பம். தந்தையின் நினைவைத் திருத்திய உணர்வு அவர் ஒருவருடையது. அது அவரைக் குற்றவாளியிலிருந்து பாதிக்கப்பட்டவராக மாற்றியது. அதன் விலையை மகள் கொடுத்தாள். நினைவை உணர்வு மாற்றுகிறதா என்பதைவிட, யாருடைய உணர்வு, யாருக்காக மாற்றுகிறது என்பதே கதையின் மையக் கேள்வி.

கதைக்குக் குறைகளும் உண்டு. தந்தை மன்னிப்புக் கேட்கும் காட்சியில் மகள் உடனே இளகாதது நம்பகமானது. ஆனால் அவள் அந்தச் சொல்லை எப்படிச் சுமந்தாள் என்பதற்குக் கதை போதிய இடம் தரவில்லை. தந்தையின் சிந்தனையே மேலோங்குகிறது. கட்டுரைநடை சில இடங்களில் உணர்ச்சியைத் தணித்துவிடுகிறது.

ஆயினும் அந்த நடைக்கு ஒரு பயனுண்டு. டிவ் கதையின் பல விவரங்கள் தன் கற்பனையே என்று கதைசொல்லி முடிவில் ஒப்புக்கொள்கிறார். தன் நினைவையே நம்ப முடியாதவரின் வாக்குமூலத்தையும் ஐயத்தோடு படிக்கவேண்டும் என்பதை வாசகர் அப்போது உணர்கிறார். பிறர் தவறைப் பிடிக்கப் பதிவுகளைத் தேடுவோர் முதலில் தம் தவறைத் தேடலாம் என்பதே இக்கதை விட்டுச்செல்லும் எண்ணம்.